பட்டம் பெற்றவரா? பள்ளி திறந்தவரா?

"படித்தவன் ஆண்டால் பார் உயரும், படிக்காதவன் ஆண்டால் பாழ்படும்!"

நீலமலைச் சரிவிலே, தேயிலைப் பச்சைக்கு நடுவே நிற்கும் பள்ளி ஒன்றில், மாணவர் மன்றச் சொற்போரின்போது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இப்படி முழங்கினான். கையொலி கூரையை அதிர வைத்தது. ஆசிரியர் என்ற முறையில் நடுவர் நாற்காலியில் அமர்ந்திருந்த நாமும் கைதட்டினோம்.

வெறும் வாய்வீச்சல்ல அவன் பேச்சு. "மேல்நாட்டுப் பொருளியல் அறிஞர்கள் ஆயிரம் தலைவர்களின் வரலாற்றை அலசிக் கண்ட முடிவு இது" என்று சான்றும் காட்டினான். "பட்டம் இல்லாதவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சட்டம் வேண்டும்" என்று முடித்தான். பரிசை அவனுக்கே வழங்கினோம். நன்றாகப் பேசியவனுக்குத்தானே பரிசு!

கூட்டம் கலைந்தது. மழைக்கு ஒதுங்கி வாசற்படியோரம் நின்றிருந்தார் ஒரு தாய். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிவிட்டு, மகளை அழைத்துச் செல்ல வந்தவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண். அவர் கேட்டார்:

"சார், அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுச்சு. ஆனா எங்களை மாதிரி படிக்காத ஆளுங்க ஓட்டுப் போடலாம், எலெக்சன்ல நிக்கக் கூடாதுன்னா அது என்ன சார் நியாயம்? எங்க பாட்டன் பூட்டனை நாடில்லாத ஆளா ஆக்குனவங்க எல்லாம் படிச்சவங்கதானே சார்?"

நடுவர் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பு வழங்கிய நமக்கு, நின்றுகொண்டு கேட்ட அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. "அடுத்த முறை வரும்போது சொல்கிறோம், அம்மா" என்று அனுப்பிவைத்தோம். அந்த விடையைத் தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை. கைதட்டிய குற்றத்துக்குக் கழுவாய் என்றும் கொள்ளலாம்.

ஏட்டின் வாதம்

முதலில் மாணவன் காட்டிய சான்றை எடுத்துக்கொள்வோம். எதிரியின் வாதத்தை அதன் வலிவு குன்றாமல் எடுத்துரைத்த பின்பே மறுக்க வேண்டும். அதுவே பகுத்தறிவாளர்க்கு அழகு.

2011இல் 'எக்கனாமிக் ஜர்னல்' என்னும் ஏட்டில் டிமோத்தி பெஸ்லி, ஜோஸ் மொன்டால்வோ, மார்த்தா ரெனால்-குவெரோல் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1875 முதல் 2004 வரை உலக நாடுகளை ஆண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்களின் கல்வித் தகுதியைத் திரட்டினர். வளர்ந்த நாட்டில் படித்தவர்கள் நிறைந்திருப்பார்கள். அங்கே தலைவரும் படித்தவராக இருப்பார். அப்படியானால் வளர்ச்சியால் கல்வி வந்ததா, கல்வியால் வளர்ச்சி வந்ததா? இந்தச் சிக்கலை அவிழ்க்க அவர்கள் ஒரு வழி கண்டனர். பதவியில் இருக்கும்போதே நோயாலோ இயற்கையாகவோ இறந்த தலைவர்களை மட்டும் தனியே பிரித்தனர். சாவு பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வைப் பார்த்து வருவதில்லை. ஆகவே சாவுக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி எப்படி மாறியது என்று பார்த்தால் தலைவரின் பங்கு தெரியும் என்பது அவர்கள் கணக்கு. ஜோன்ஸ், ஓல்கன் என்ற இருவர் 2005இல் வகுத்த வழி இது. முடிவு என்ன? படித்த தலைவர் மறைந்த பின் வளர்ச்சி குறைந்தது என்றனர்.

திறமான முறைதான்; மறுக்கவில்லை. ஆயினும், ஓர் ஆய்வு வந்துவிட்டால் உண்மை முடிந்துவிட்டது என்று ஓலைச்சுவடியை வணங்குவதுபோல் வணங்கலாமா? 2016இல் நிக்கோலஸ் கார்ன்ஸ், நோம் லூப்பு என்ற இருவர் அதே கேள்வியை மீண்டும் எழுப்பினர். உலக நாடுகளின் தலைவர்கள், அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றவர்கள், பிரேசில் நாட்டின் நகரத் தலைவர்கள் என்று மூவகைச் சான்றுகளையும் புரட்டினர். கல்லூரிப் பட்டம் பெற்றவர் ஆண்ட நாடு மிகுதியாக வளரவும் இல்லை. அவர்கள் மிகுதியான சட்டங்களை நிறைவேற்றவும் இல்லை. ஊழலில் குறைந்தவர்களாகவும் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆக, ஏட்டுக்கு ஏடு எதிர்நிற்கிறது. மாணவன் முதல் ஏட்டைப் படித்தான், இரண்டாவதைப் படிக்கவில்லை. குறை அவனுடையதன்று. தமக்கு இனிக்கும் முடிவை மட்டும் நாட்டில் பரப்பி வைத்தவர்களுடையது.

இரண்டு ஏடுகளையும் ஒருபுறம் வைத்துவிட்டு, முறையைப் பற்றியே நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பட்டம் என்பது எதை அளக்கிறது? வளர்ச்சி எப்போது வருகிறது? இரண்டுக்கும் விடை நம் நாட்டு வரலாற்றிலேயே கிடக்கிறது.

பட்டம் எதை அளந்தது?

பட்டம் அறிவை அளக்கும் கோல் என்கிறார்கள். எல்லார்க்கும் திறந்த பள்ளி இருக்கும் நாட்டில் அது ஓரளவு உண்மையாகலாம். நம் நாட்டில்?

1914ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பார்ப்பனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேராய் இருந்த ஒரு வகுப்பார் அவர்கள்! மற்றைய வகுப்பார்க்கெல்லாம் மூளை இல்லாமலா போயிற்று? வயல் உழுதவனுக்கும், நெசவு நெய்தவனுக்கும், மலையேறிக் காடு திருத்தித் தேயிலை நட்டவனுக்கும் அறிவு இல்லாமலா அவையெல்லாம் விளைந்தன? இல்லை. அன்றைய பட்டம் அளந்தது அறிவையன்று, பிறப்பை. இந்தக் கணக்கை எடுத்துக் காட்டித்தான் நீதிக்கட்சி பிறந்தது.

அந்தக் காலத்தில் "பட்டதாரியே ஆளவேண்டும்" என்று சட்டம் இயற்றியிருந்தால், அதன் பொருள் என்னவாக இருந்திருக்கும்? "நூற்றுக்கு மூன்று பேரே ஆளவேண்டும்" என்பதுதான். கல்வியின் பெயரால் குலத்தின் ஆட்சி! மனு எழுதியதை மார்க் பட்டியல் எழுதியிருக்கும், அவ்வளவே வேறுபாடு.

இருவர் கதை

இனி, ஆண்டவர்களைப் பார்ப்போம். சென்னை மாநிலம் அடுத்தடுத்து இரு முதலமைச்சர்களைக் கண்டது. ஒருவர் மாநிலக் கல்லூரியில் பயின்றவர், சட்டம் கற்றவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் நூல் பல எழுதியவர். அவர் ஆச்சாரியார். மற்றொருவர் விருதுநகரில் பிறந்து, ஆறு வயதில் தந்தையை இழந்து, பன்னிரண்டு வயதை எட்டுமுன்னே பள்ளியை விட்டுக் கடைக்குச் சென்றவர். அவர் காமராசர்.

1953இல் ஆச்சாரியார் தொடக்கக் கல்வியில் புதிய திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். சிற்றூர்ப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். பணம் இல்லை, ஒரே கட்டடத்தில் இருவேளையும் பள்ளி நடத்தினால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் தரப்பு. கணக்கில் பிழையில்லை, கருத்திலே பிழை! குயவர் மகன் சக்கரம் சுற்ற, சலவையாளர் மகன் துறைக்குப் போக, வழக்கறிஞர் மகன் மட்டும் என்ன செய்வான்? தந்தையின் நூலகத்தில் புத்தகம் புரட்டுவான்! 'குலக்கல்வி' என்று தந்தை பெரியாரும் கழகமும் அதற்குப் பெயரிட்டுப் போர் தொடுத்தனர். திட்டத்தோடு ஆச்சாரியாரின் முதலமைச்சர் பதவியும் போயிற்று.

இந்த மலையில் இருந்து அதை எண்ணிப் பாருங்கள். கொழுந்து பறிப்பவள் மகளுக்கு அரை நாள் பள்ளி. அரை நாள் என்ன? கொழுந்துக் கூடை! தாயின் முதுகில் இருந்தது மகளின் முதுகுக்கு இறங்கும். மகளிடமிருந்து பேத்திக்கு இறங்கும். துரை மாறுவார், கூடை மாறாது.

1954 ஏப்ரல் 13இல் காமராசர் பதவி ஏற்றார். மே மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. சென்னை நகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920இலேயே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் இட்ட விதை அது. காமராசர் காலத்தில் மாநிலம் முழுதும் முளைத்தது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி வந்தது. அவர் பதவி விட்டு இறங்குமுன், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணமற்ற கல்வி வந்தது.

படித்தவர் பள்ளியைப் பாதியாக்கினார். படிக்காதவர் பள்ளியை முழுதாக்கினார். இது கட்டுக்கதையன்று, ஆண்டும் திங்களும் உள்ள வரலாறு.

ஆனால், தோழர்களே, இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். "பார்த்தீர்களா, படிப்பே தேவையில்லை! பாமரன் நெஞ்சில்தான் ஞானம் குடியிருக்கிறது!" என்று சிலர் பாடத் தொடங்குவர். இது பழைய பக்தி மயக்கத்தின் புதிய வேடம். காமராசரின் பெருமை அவர் படிக்காததில் இல்லை. படிக்க முடியாமற்போன துன்பம் இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்று எண்ணியதில் இருக்கிறது. தாம் அறியாததை அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. கல்வி, நிதித் துறைகளைப் பார்த்த சி. சுப்பிரமணியமும், தொழில் துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமனும் சட்டம் படித்தவர்கள். பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு பட்டம் பெற்ற கல்வியாளர். தன்மான இயக்க உணர்வாளர். முதலமைச்சரிடம் பட்டம் இல்லை. ஆனால் அமைச்சரவையில் கல்வி இருந்தது. கல்விக்கு அங்கே செவி இருந்தது.

தலைவர் ஒருவரின் பட்டத்தை மட்டும் எண்ணும் ஆய்வு இதை எப்படி எண்ணும்? அந்தப் பட்டியலில் காமராசரைப் போன்ற ஒருவர் 'பள்ளிப்படிப்பு முடிக்காதவர்' என்று ஒரே வரியில் அடங்கிவிடுவார். அவர் யாரைக் கேட்டார், யார் சொன்னதை ஏற்றார் என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வளர்ச்சி எப்போது வருகிறது?

நம் மலையே இதற்குப் பாடநூல். பைக்காரா ஆற்றின் நீரில் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் எடுத்தனர். அது மலையிறங்கிக் கோவைக்குச் சென்றது. அங்கே ஆலைகள் பெருகின. பின்னர், 1956இல் கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டப் பணி தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று அணைகள் எழுந்தன. மலையைக் குடைந்து நீர் ஓடியது. 1960இல் மின்சாரம் பிறந்தது. நான்கே ஆண்டில் கணக்குக் காட்டக் கூடிய வளர்ச்சி இது. ஆலை ஓடியது, இறைப்பி ஓடியது, புள்ளிவிவரமும் ஓடியது.

ஆனால், அதே 1956இல் மதிய உணவுக்காகத் தட்டேந்தி முதல் வகுப்பில் உட்கார்ந்த ஆறு வயதுக் குழந்தை? அதன் பயன் கணக்கேட்டில் எப்போது ஏறும்? அது எழுத்தறிந்து, பள்ளி முடித்து, தொழில் கற்று, சம்பளம் வாங்கத் தொடங்க 1970களாகும். அதற்குள் உணவிட்ட முதலமைச்சர் 1963இலேயே பதவியை விட்டுச் சென்றுவிட்டார், 1975இல் மறைந்தும்விட்டார். ஒரு தலைவரின் சாவுக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளின் வளர்ச்சியை ஒப்பிடும் முறையில், அணை தெரியும். ஆரம்பப் பள்ளி தெரியாது! நெல்லை அளக்கும் மரக்காலால் தென்னங்கன்றை அளந்தால் என்ன விடை வரும்?

இன்று இந்திய மாநிலங்களின் பொருளாதார வரிசையில் தமிழ்நாடு மகாராட்டிரத்துக்கு அடுத்து நிற்கிறது. இந்த மாநிலத்தை ஆண்டவர்கள் யார்? பள்ளியை முடிக்காத காமராசர். பொருளியலில் முதுகலை பெற்ற அண்ணா. பள்ளியிறுதித் தேர்வில் தேறாத கலைஞர். மூன்றாம் வகுப்போடு நின்ற எம். ஜி. ஆர். இவர்களுக்குள் அரசியலில் ஆயிரம் பூசல் உண்டு. ஆனால் குழந்தையின் தட்டில் சோறு வைக்கும் செயலில் சங்கிலி அறுபடவில்லை. 1956க்குப் பின் 1982இல் சத்துணவாக விரிந்தது. 1989இல் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. பட்டம் மாறி மாறி வந்தது, திட்டம் மாறவில்லை. வளர்ச்சியின் வேரைத் தேடுவோர் ஆண்டவரின் சான்றிதழையா தோண்டுவது? பள்ளியின் அடுப்பங்கரையை அல்லவா தோண்டவேண்டும்!

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். உதகையில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. மலை மக்களுக்கு மாதச் சம்பளம் தந்த தொழிற்சாலை அது. 1990களில் நலிந்தது, பின்னர் மூடவும் பட்டது. "படிக்காதவர் காலத்தில் பிறந்தது, படித்தவர் காலத்தில் இறந்தது" என்று நாம் எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். கடன் சுமை, அயல்நாட்டுச் சுருளின் போட்டி, அதன்பின் சுருளே வேண்டாத புதிய படக்கருவி, இவையெல்லாம் சேர்ந்து அதை வீழ்த்தின. பட்டத்தைப் பழிக்கப் பொய்க் காரணம் தேடுவதும் மூடநம்பிக்கையே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, எந்தக் கட்சி சொன்னாலும் காக்கைக் கதைதான்.

வெலிங்டனில் இருந்து கொழும்புக்கு

தாயின் கேள்வியில் இலங்கை இருந்தது. அதற்கும் விடை சொல்ல வேண்டும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதிக்குத் திருத்தம் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அதைக் கொணர்ந்த பிரதமர் சேனநாயக்கா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த பண்டாரநாயக்கா ஆக்ஸ்போர்டில் படித்தவர்! 1964 அக்டோபரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்ட உடன்பாட்டில் கையெழுத்திட்ட இருவரில், சிறிமாவோ பல்கலைக்கழகம் செல்லாதவர். லால் பகதூரோ காசி வித்யாபீடத்தில் பெற்ற 'சாஸ்திரி' என்னும் பட்டத்தையே பெயராக்கிக் கொண்டவர். பட்டம் உள்ளவர் கையெழுத்தும் பட்டம் இல்லாதவர் கையெழுத்தும் ஒரே தாளில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. யாரைப் பங்கிட்டார்களோ அவர்களைக் கேட்கவில்லை என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

அப்படி வந்தவர்களுக்காகவே இம்மலையில் அரசுத் தேயிலைத் தோட்டம் 1968இல் தொடங்கப்பட்டது; 'டான்டீ' என்னும் கழகமாக 1976இல் உருப்பெற்றது. கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வாழும் அவர்கள், இரண்டு நாடுகளின் தேயிலையைத் தோளில் சுமந்தவர்கள்.

இதோ இன்னொரு செய்தி. நம் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் தொடங்குகிறது. அங்குள்ள படைத்துறைப் பணியாளர் கல்லூரியில் 1980களின் தொடக்கத்தில் இலங்கைப் படை அலுவலர் ஒருவர் பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவர் கோத்தபய ராசபக்சே. 2019 நவம்பரில் இலங்கையின் குடியரசுத் தலைவரானார். அவருக்குத் துணைநின்ற அமைப்புகளில் ஒன்றுக்குப் பெயரே 'வியத்மக', அதாவது கற்றோர் பாதை! பேராசிரியர்களும் தொழில் வல்லுநர்களும் கூடிய அமைப்பு. 'படித்தவன் ஆளவேண்டும்' என்ற முழக்கம் அங்கே மேடையேறி, வாக்குப் பெற்று, அரியணையும் ஏறிற்று.

நடந்தது என்ன? பத்தாண்டுகளில் படிப்படியாக இயற்கை வேளாண்மைக்கு மாறுவோம் என்பது தேர்தல் உறுதிமொழி. 2021 ஏப்ரலில் ஒரே வெட்டாக வேதி உர இறக்குமதிக்குத் தடை வந்தது. வேளாண் அறிஞர்களும் தேயிலைத் துறை அறிந்தவர்களும் எச்சரித்தனர், செவியேறவில்லை. தேயிலை இலைப்பயிர். ஒவ்வொரு சுற்றிலும் கிள்ளி எடுக்கும் கொழுந்தோடு மண்ணின் தழைச்சத்தும் கூடையேறிப் போகிறது. எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் அடுத்த சுற்றில் துளிர் குறையும். இதைக் கற்கப் பல்கலைக்கழகம் வேண்டாம். நம் தோட்டத்தில் எந்தக் கொழுந்துக்காரியைக் கேட்டாலும் சொல்வார். ஏழே மாதங்களில், நவம்பரில், தடை தளர்ந்தது. ஆனால் பயிர் அரசிதழைப் படித்து வளர்வதில்லை. 2021இல் ஏறத்தாழ முப்பது கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை, 2022இல் ஏறத்தாழ இருபத்தைந்து கோடி கிலோவாக இறங்கியது. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டிய பயிர் அது.

உரத்தடை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டோம். 2019இல் செய்த பெருத்த வரிக்குறைப்பு, தொற்றுநோயால் சுற்றுலா வருவாய் அற்றது, தலைக்கு மேல் வெளிநாட்டுக் கடன் ஆகியவையும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்ப இயலாது என்று நாடு கைவிரித்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. சூலையில் தலைவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2023 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றமே, நெருக்கடிக்கு ஆட்சியாளர் பொறுப்பு என்று தீர்ப்புரைத்தது.

பட்டம் இருந்தது, கற்றோர் கூட்டம் இருந்தது. எது இல்லை? தமக்கு ஒவ்வாத உண்மையைச் சொல்பவனுக்குக் காது கொடுக்கும் பண்பு இல்லை.

உலகை ஒருமுறை சுற்றிவந்தாலும் இதே காட்சிதான். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த லீ குவான் யூ சிங்கப்பூரை உயர்த்தினார், மறுப்பார் இல்லை. பட்டங்கள் பல பெற்ற முகாபே ஆண்ட சிம்பாப்வேயில் 2008இல் பணம் காகிதமாயிற்று. பொருளியல் பேராசிரியர் சலாசார் 1932 முதல் 1968 வரை போர்ச்சுகலை ஆண்டார். அந்நாடு மேற்கு ஐரோப்பாவின் வறிய நாடாகவே இருந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத ட்ரூமன், போருக்குப் பிந்திய அமெரிக்காவை நடத்தினார். பட்டத்தால் உயர்ந்ததுமுண்டு, பட்டத்தோடு வீழ்ந்ததுமுண்டு.

சட்டம் வந்தால் யார் விழுவர்?

"இதெல்லாம் வாதத்துக்கு நன்று, ஓர் எளிய தகுதி வைப்பதால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்போர் உண்டு. வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

2014 டிசம்பரில் இராசத்தானம் அவசரச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. ஊராட்சித் தலைவராக எட்டாம் வகுப்பு, மேல்நிலை ஊராட்சி அமைப்புகளுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றது. அரியானாவும் 2015இல் அவ்வழி சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 10இல் உச்சநீதிமன்றம் அரியானாச் சட்டம் செல்லும் என்றது; நன்மை தீமையைப் பகுத்துணரக் கல்வியே ஆற்றல் தருகிறது என்பது தீர்ப்பின் சாரம். இராசத்தானத்தின் சிற்றூர்ப் பெண்களில் எழுத்தறிந்தோர் 2011 கணக்கெடுப்பின்படி பாதிக்கும் குறைவு. அப்படியானால் ஒரு கையொப்பத்தில் பெண்களில் பெரும்பாலோர் தேர்தல் களத்துக்கு வெளியே தள்ளப்பட்டனர்! இத்தகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டா? நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்டா? இல்லை. கோட்டையில் அமர்ந்து சட்டம் செய்பவனுக்குத் தகுதி வேண்டாம்; குழாயடித் தண்ணீருக்கு வழிசெய்யும் ஊராட்சிப் பெண்ணுக்கு வேண்டும்! 2019இல் இராசத்தானம் அச்சட்டத்தைக் கைவிட்டது.

இதை நம் மலைக்குப் பொருத்துவோம். தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று 2016இல் சட்டம் செய்தோம். அதன்மேல் பட்டச் சுவர் ஒன்றைக் கட்டினால், லயன் வீட்டிலிருந்து வரும் பெண் சுவருக்கு அப்பால் நிற்பார். பள்ளி இல்லாத இடத்தில் பிறந்தது அவர் குற்றமா? பள்ளி தராத அரசு, பள்ளி இல்லாத குற்றத்துக்காக அவரையே தண்டிப்பதா? திருடியவன் நீதிபதியாக அமர்ந்து, பறிகொடுத்தவளைச் சிறைக்கு அனுப்பும் கதையல்லவா இது?

கேட்க வேண்டிய கேள்வி

தலைவர்களுக்குக் கல்வி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியத் தொழில் செய்து வயிறு வளர்க்கும் நாம் அப்படிச் சொன்னால் அரிச்சுவடியே நம்மைப் பார்த்து நகைக்கும். கல்வி வேண்டும், ஆள்பவனுக்கும் வேண்டும், ஆளப்படுபவனுக்கும் வேண்டும். எல்லார்க்கும் கல்வி வந்துவிட்ட நாட்டில் தலைவரும் தாமாகவே படித்தவராக இருப்பார். தனிச் சட்டம் எதற்கு? எல்லார்க்கும் வராத நாட்டில் அச்சட்டம் கல்வியைக் காப்பதில்லை. கற்றோரின் காணியாட்சியைக் காக்கிறது.

ஆகவே, இளந்தோழர்களே, வாக்குக் கேட்டு வருபவரிடம் "நீர் எந்தக் கல்லூரியில் படித்தீர்?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "எங்கள் ஊர்ப் பிள்ளை படிக்க நீர் என்ன செய்வீர்? உமக்குத் தெரியாததை யாரிடம் கேட்பீர்? அவர் உமக்குப் பிடிக்காத விடையைச் சொன்னால் அவரை வைத்திருப்பீரா, விரட்டுவீரா?" என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளில் அடங்கியிருக்கிறது நாட்டின் வளர்ச்சி. சட்டம்போட்டு மாட்டிய பட்டத்தில் அல்ல.

அந்தத் தாயிடம் இதைச் சொன்னோம். சேனநாயக்கா பட்டதாரி அல்லர் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். சற்றே யோசித்துவிட்டு, "அப்போ படிச்சவங்க, படிக்காதவங்கன்னு இல்ல சார், எங்களைக் கேட்டவங்க, கேக்காதவங்கன்னு பிரிக்கணும்" என்றார். நாம் பல பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அதே மாணவனை எதிரணியில் பேசச் சொல்லியிருக்கிறோம். அவனும் ஒப்பி, இரண்டாவது ஏட்டைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறான். நடுவர் நாற்காலியில் இம்முறை நாம் அமரப் போவதில்லை. அந்தத் தாயை அழைத்திருக்கிறோம்.